சம்பூரில் நிலக்கரியா, சூரியனா? நம் கூரையையும் கணக்கில் எடுப்போம்

நம் திருகோணமலையிலிருந்து பார்த்தால் கொட்டியாரக் குடாவின் அக்கரையில் இருக்கும் சம்பூருக்கு இரண்டு மின் திட்டங்கள் வந்தன. முதலாவது நிலக்கரியில் ஓடும் 500 மெகாவோட் அனல்மின் நிலையம். இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் என்.டி.பி.சி நிறுவனமும் 2011இல் அதற்கெனக் கூட்டுக் கம்பனி அமைத்தன. 2016இல், இனி அதைக் கட்டப் போவதில்லை என்று அரசு உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது. இரண்டாவது 120 மெகாவோட் சூரிய மின் நிலையம். அதன் தொடக்க விழாவை 2025 ஏப்ரல் 5இல் இரு நாட்டுத் தலைவர்களும் காணொளி வழியாக நடத்தினார்கள்.

நிலக்கரி போனது நல்லது, சூரியன் வந்தது அதைவிட நல்லது என்று பலர் அத்தோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். நானும் நிலக்கரி வேண்டாம் என்ற பக்கம்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எதை இழந்தோம், எதைப் பெறுகிறோம், இன்னும் எதைக் கேட்க வேண்டும் என்பது தெரியும்.

முதலில் யூனிட் கணக்கு. அனல்மின் நிலையம் இரவும் பகலும் ஓடும். வருடத்தில் முக்கால் பங்கு திறனில் இயங்கினாலே சுமார் 328 கோடி யூனிட் கிடைக்கும். சூரிய நிலையம் இரவில் சும்மா கிடக்கும், மார்கழி மழைக்கு மந்தமாகிவிடும். 120 மெகாவோட்டிலிருந்து வருடத்துக்கு 19 கோடி யூனிட் கிடைத்தால் அது நல்ல விளைச்சல். பதினேழு மடங்கு வித்தியாசம். ஒன்றை எடுத்துவிட்டு அதே இடத்தில் மற்றதை வைத்துவிட்டோம் என்று சொல்ல முடியாது.

சரி, அந்த 328 கோடி யூனிட்டுக்கு என்ன கொடுத்திருப்போம்? வருடத்துக்குப் பத்து லட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரி, அத்தனையும் டொலர் கொடுத்துக் கப்பலில் வர வேண்டும். யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டு. எரித்து முடிந்தபின் மலையாகக் குவியும் சாம்பல். இந்தச் சாம்பல் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க் காற்று இரண்டு பக்கமும் அடிக்கும். வைகாசி, ஆனியில் தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது தூசு கடல் பக்கம் போகும். வாடை தொடங்கினால் அதே தூசு உள்ளே திரும்பி மூதூர், கிளிவெட்டிப் பக்கத்து வயல்களில் இறங்கும். பெரும்போகம் விதைத்திருக்கும் காலமும் அதுதான். நுரைச்சோலையில் 900 மெகாவோட் நிலையத்தைச் சுற்றி இருக்கும் மக்கள் நிலக்கரித் தூசையும் சாம்பலையும் பற்றி வருடக்கணக்கில் முறையிட்டு வருகிறார்கள். நாம் ஊகித்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, அங்கே போய்க் கேட்டாலே போதும்.

அப்புறம் கடல். அனல்மின் நிலையம் குளிரூட்டுவதற்குக் கடல்நீரை உறிஞ்சி, சூடாக்கித் திருப்பி விடும். உறிஞ்சும்போது மீன் முட்டையும் குஞ்சும் சேர்ந்தே போகும். மகாவலி வந்து விழுகிற, இறாலும் நண்டும் பெருகுகிற குடாவை ஒட்டி அதைச் செய்வது மூதூர், கிண்ணியாக் கடற்றொழிலாளரின் வயிற்றில் கை வைப்பதாகவே முடிந்திருக்கும். என்னைக் கேட்டால், இந்த ஒரு காரணமே அந்தத் திட்டத்தைக் கைவிடப் போதுமானது.

சூரிய நிலையத்தில் புகை இல்லை, சாம்பல் இல்லை, சுடுநீர் இல்லை. ஆனால் நிலம் தின்னும். ஒரு மெகாவோட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். 2006இல் போரால் துரத்தப்பட்டு, 2015க்குப் பிறகுதான் திரும்பத் தொடங்கிய சம்பூர் மக்களிடம் நிலத்தைப் பற்றிச் சாதாரணமாகப் பேச முடியாது. வேலி போட்டுவிட்டால் மாடு மேயும் தரையும் போகும், விறகுக்குப் போகும் பாதையும் போகும். 2025இல் முத்துநகர் விவசாயிகள் வீதியில் இறங்கியதும் இதே காரணத்துக்காகத்தான்: அவர்கள் பயிர் செய்துவந்த காணிகள் சூரிய மின் திட்டங்களுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டன. பசுமை மின்சாரம் என்ற பெயர், விவசாயியை வயலிலிருந்து எழுப்புவதற்கு அனுமதிச் சீட்டு ஆகக்கூடாது.

எண்ணெயும் எரிவாயுவும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் நிற்கின்றன, 2022இல் அவற்றைப் பங்கிட இந்தியாவோடு ஒப்பந்தமும் ஆயிற்று. சேமிப்புக்கு அவை உதவும். ஆனால் 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது எத்தனை வள்ளங்கள் கரையில் கிடந்தன என்பதை நம் ஆட்கள் மறக்கவில்லை. இறக்குமதி எரிபொருளை நம்பினால் அந்த ஆபத்தும் கூடவே வரும்.

இனிக் கூரை. வீட்டுக் கூரையில் பொருத்தும் ஐந்து கிலோவோட் சோலார் அமைப்புக்குச் சுமார் 300 சதுர அடி போதும், நம் வெயிலுக்கு மாதம் 550 யூனிட் அளவில் தரும். யாருடைய காணியும் போகாது. திருக்கடலூர் மாதிரிக் கடலோரத்தில் பொருத்துவோர் தகட்டைவிட ஆணியைக் கவனிக்க வேண்டும்: சாதாரண இரும்பு ஆணி உப்புக்காற்றில் சீக்கிரமே செந்துருவாக உதிரும், அலுமினியச் சட்டமும் துருப்பிடிக்காத உருக்கு ஆணியும் கேட்டு வாங்குங்கள். குறை என்னவென்றால், இதுவரை வங்கிக் கடன் எடுக்க முடிந்தவர்தான் சோலார் போட்டார். தகரக் கூரைக்காரர் வெளியே நிற்கிறார். பாடசாலை, கோயில் மண்டபம், பள்ளிவாசல் கூரைகளில் போட்டு ஊருக்குப் பங்கு பிரித்தால் அவர்களும் உள்ளே வரலாம்.

சம்பூரானாலும் கூரையானாலும் சூரியனுக்குப் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. நாட்டின் உச்சத் தேவை மாலை 6.30க்குப் பிறகு, சூரியன் தருவது நண்பகலில். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு காலை பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கால் வந்த கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. தேவை குறைந்த அந்த நேரத்தில் சூரிய மின்சாரம் பெரும் பங்கு வகித்ததால், அதிர்ச்சியைத் தாங்கும், நீர், அனல் மின் நிலையங்களின் பாரமான சுழலிகள் போதியளவு ஓடவில்லை. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. வெயில் கொட்டும் மாதத்தில் கிடைத்த மின்சாரத்தை வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது வேதனையானது.

அதனால் என் வரிசை இது: முதலில் கூரை, அடுத்து யாரும் பயிர் செய்யாத, மேய்க்காத நிலத்தில் பட்டரியோடு சேர்ந்த பெரிய நிலையம். பட்டரி இல்லாமல் இன்னொரு நூறு மெகாவோட் என்றால் நான் ஆதரிக்க மாட்டேன். பட்டரிக்குப் பணம் வரும்வரை பகல் மின்சாரத்தைப் பகலிலேயே பயன்படுத்தப் பழக வேண்டும். மீனுக்கு ஐஸ் போடும் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலைகளுக்கு இரவு 10.30க்குப் பிறகு மலிவு என்பது நெடுநாள் வழக்கம், அதனால் ஐஸ் இரவில் உறைகிறது. அந்த மலிவு நேரத்தை முற்பகல் 10 முதல் பிற்பகல் 3 வரை மாற்றினால், நண்பகல் வெயில் ஐஸ் கட்டியாகி, விடியற்காலை வள்ளம் ஏறிக் கடலுக்குப் போகும்.