முப்பந்தலா, தூத்துக்குடியா?

காற்றாலைக்குப் பக்கத்திலேயே ஹைட்ரஜன் சேமிப்பும் வேண்டுமென்றால் இடம் எது? காற்று மட்டும் கணக்கென்றால் கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தல்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாயும் ஜூன், ஜூலையில் சாலையோரம் நின்றால் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போது மிஞ்சும் மின்சாரத்தால்தான் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாக்கி வைக்க வேண்டும்.

ஆனால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 லிட்டர் சுத்தமான தண்ணீர் தேவை. அதை விவசாயக் குளங்களில் எடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. தூத்துக்குடியில் கடல்நீரைச் சுத்திகரித்துக்கொள்ளலாம். துறைமுகமும் இருக்கிறது, உரத்துக்கான அம்மோனியா தயாரிக்கவும் ஹைட்ரஜன் வேண்டும். காற்று முப்பந்தல் அளவுக்கு இல்லை. சரி, மின்சாரம் கம்பியில் வந்துவிடும். ஹைட்ரஜனை அழுத்தி லாரியில் ஏற்றுவதுதான் செலவு. என் ஓட்டு தூத்துக்குடிக்கே.