கம்பெனி செட்டைக் கழற்றாமல் அம்பிளிபயர் பூட்டி நாலு வருசம்

என்னிடம் இருப்பது ரீகண்டிஷனாக வந்த ஒரு டொயோட்டா கொரோலா 121. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதோடு காரை மாற்றும் எண்ணம் போய்விட்டது. இருப்பதையே கொஞ்சம் சுகமாக வைத்துக்கொள்வோம் என்று 2021 கடைசியில் நாலு சனல் அம்பிளிபயர் ஒன்று வாங்கினேன். சனலுக்கு 50 வாட். காரோடு வந்த கம்பெனி செட்டைக் கழற்ற மனம் வரவில்லை. டாஷ்போர்டோடு அச்சுப்போல் பொருந்தி நிற்கிறது, சீடியும் இன்னும் ஓடுகிறது.

அப்படியென்றால் அம்ப் எதற்கு? கூத்துக் களரியில் மச்சான் பதிந்து தந்த வடமோடி மத்தளம்தான் காரணம். வலந்தலை கேட்கும், இடந்தலையின் அதிர்வு வராது. வால்யூமைக் கூட்டினால் கரகரக்கும். காருக்குள் இருக்கும் எந்தச் செட்டும் பற்றரியின் 12, 14 வோல்ட்டை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். செட்டின் பெட்டியில் 50 வாட் என்று போட்டிருந்தாலும் ஒரு சனலுக்கு 20 வாட் அளவில்தான் சுத்தமாக வரும்.

டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். ஒரு பின்னேரத்துக்குள் பூட்டித் தந்தார்கள். ஸ்பீக்கர் சிக்னலை அம்புக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் கன்வேர்ட்டர் ஒன்றைச் செட்டின் ஸ்பீக்கர் வயரில் இணைத்து, அதிலிருந்து ஆர்சிஏ என்ற சிக்னல் வயர் எடுத்து, முன் சீற்றுக்கு அடியில் அம்பை வைத்திருந்தார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டால் அருமை. மத்தளம் நெஞ்சில் விழுந்தது.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியதும் வேறு கச்சேரி. எங்கள் மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்க நிலாக் காலத்தில் தோணியில் போவார்கள். எனக்கு அந்தச் செலவில்லை. அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கருக்குள் ஒரு மெல்லிய குரல் ஏறும், விட்டால் இறங்கும். மனைவி இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள், "இத நிப்பாட்டுங்க, இல்லாட்டி நான் பஸ்ஸில போறன்" என்றாள். கடைக்காரர், "அது அல்டர்னேட்டர் சத்தம், எல்லாக் காரிலும் வரும்" என்றார். நானும் நம்பினேன்.

2022 ஜூன் கடைசியில் பெற்றோல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் என்றானபோது கார் வாசலில் நின்றது. நாலாம் நாள் சாவியைத் திருப்பினால் டிக் என்ற சத்தம் மட்டும். பற்றரி செத்திருந்தது. சார்ஜ் போட்டுக் கொண்டுவந்தேன், மறுபடி செத்தது. கல்முனையில் இருக்கும் மச்சான் சொல்லி, பெற்றோல் கிடைத்த பிறகு, ஆரையம்பதியில் ஒரு வயதான ஓட்டோ எலக்ட்ரிசியனிடம் போனேன். அவர் பற்றரியின் மைனஸைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டரை வைத்தார். எல்லாம் நிறுத்தியிருக்கும்போதே 0.7 அம்பியர் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 17 அம்பியர்-மணி. 45 அம்பியர்-மணி பற்றரி மூன்று நாள் தாங்காது.

காரணம் ரிமோட் வயர். அம்பை எழுப்பவும் தூங்க வைக்கவும் உள்ள மெல்லிய வயர் அது. செட்டோடு சேர்ந்து அணைய வேண்டிய அதை, எப்போதும் கரண்ட் உள்ள வயரில் கொடுத்திருந்தார்கள். தினமும் ஓடும்போது அல்டர்னேட்டர் நிரப்பிவிட்டதால் ஆறு மாதம் எனக்குத் தெரியவேயில்லை.

பிறகு சீற்றைக் கழற்றினார். கரண்ட் காரின் பாடி வழியாகப் பற்றரி மைனஸுக்குத் திரும்புவதற்கான எர்த் வயரைச் சீற் போல்ட்டில் முறுக்கியிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து, "மகன், இது ஆர் பூட்டினது? பெயின்டுக்கு மேல எர்த் பிடிச்சா கரண்ட் எதால போறது?" என்றார். பாட்டைச் சத்தமாகப் போட்டு, அம்பின் எர்த் முனைக்கும் பற்றரி மைனஸுக்கும் இடையில் அளந்தால், பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டியது 0.8 வோல்ட். பிளேட்டால் வயரின் ஓரத்தைச் சுரண்டினார். செம்பு நிறம் தோல்போல உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய வயர். தடிப்பாக இருக்கிறதே என்று நான் சந்தோசப்பட்ட வயர் அது.

கடைசியாக, அம்ப் வந்த பெட்டியைக் கேட்டார். அதற்குள் பொலித்தீனில் சுற்றியபடி ஒரு நாலு சோடி வயர் சொக்கட் கிடந்தது. ஸ்பீக்கர் வயரை நேரடியாக வாங்கும் வசதி அந்த அம்பிலேயே இருந்திருக்கிறது! கன்வேர்ட்டர் தேவையேயில்லை. ரிமோட் வயர்கூடத் தேவையில்லை. செட் ஓனானதும் அதன் ஸ்பீக்கர் வயர்களில் 6 வோல்ட் அளவில் டிசி நிற்கும். அதைப் பார்த்து இந்த அம்ப் தானாக விழித்துக்கொள்ளும்.

கம்பெனி செட்டில் கை வைப்பவர்கள் முதலில் தெரிந்திருக்க வேண்டியது இதைத்தான்: ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரில் எதுவுமே எர்த் இல்லை. இரண்டிலும் கரண்ட் உண்டு. மைனஸ்தானே என்று பாடியில் தொடுத்தால் செட்டின் ஐசி போய்விடும். மச்சானின் வேனில் அப்படித்தான் ஒரு செட் ஊமையானது. டொயோட்டாவின் 10 பின், 6 பின் சொக்கட்டுகளில் நிறம் பார்த்துப் பிடிக்கலாம். முன் வலது இளம் பச்சையும் நீலமும், முன் இடது இளஞ்சிவப்பும் ஊதாவும், பின் வலது சிவப்பும் வெள்ளையும், பின் இடது கறுப்பும் மஞ்சளும். முதலில் சொன்னது பிளஸ். நிறத்தை மட்டும் நம்பாமல் அளந்தும் பாருங்கள், பழைய காரில் யார் கை பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது.

அசல் செம்பு வயர் வாங்கினேன், அம்பின் விலையில் காற்பங்கு போனது. பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் 40 அம்பியர் பியூஸ். கரண்ட் வயர் இடப்பக்கமாக, சிக்னல் வயர் வலப்பக்கமாக. எர்த்துக்குத் தரையில் தனியாக ஒரு துளை, பெயின்டைச் சுரண்டி இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, அரை மீட்டருக்கும் குறைவான வயர். மறுபடி அளந்தபோது 0.04 வோல்ட். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன். பாட்டைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

செட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு அம்பைப் பொருத்தும் கெயின் திருகாணியை நானே வைத்தேன். அதை வால்யூம் என்று நினைத்து முழுதாகத் திருப்பி வைப்பவர்கள்தான் அதிகம். 1,000 ஹேர்ட்ஸ் ஒலி ஒன்றைச் சீடியில் பதிந்து, ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, செட்டின் வால்யூமை முக்காலில் வைத்து, அம்பின் வெளியீட்டில் ஏசி வோல்ட் அளந்தேன். 50 வாட்டையும் ஸ்பீக்கரின் 4 ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 14.1 வோல்ட். அந்த எண் வரும் இடத்தில் நிறுத்தினேன். திருகாணி பாதிகூடத் திரும்பவில்லை.

ரேடியோவில்தான் ஏமாற்றம். ஜப்பான் செட் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நம்முடைய நிலையங்கள் பல அதற்கு மேலே இருப்பதால் அவற்றைக் கீழே இறக்கித் தர நடுவில் ஒரு பேண்ட் எக்ஸ்பாண்டர் இருக்கிறது. அதன் இரைச்சலை அம்ப் மரியாதையாகப் பெரிதாக்கித் தந்தது. முன்பு காதில் விழாத இரைச்சல் இப்போது விழுகிறது. செய்திக்கு மட்டும் ரேடியோ என்றாகிவிட்டது.

முன் ஸ்பீக்கர் இரண்டையும் ஒரு வருசம் கழித்து மாற்றினேன். நல்ல மாற்றம்தான், ஆனால் எர்த்தைச் சரிசெய்தபோது கேட்ட வித்தியாசத்தில் பாதிகூட இல்லை.

2024 நவம்பர் வெள்ளத்தில் கார் தரைக் கம்பளம் ஊறிப்போனது. அம்பை ஒரு அங்குலப் பலகையில் தூக்கிப் பூட்டச் சொன்னவர் அந்த ஆரையம்பதிக்காரர்தான், அதனால் தப்பியது. மற்றப்படி கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மத்தியானம் வெயிலில் நிறுத்திவிட்டு உடனே சத்தமாகப் போட்டால் சூடேறி இரண்டு தடவை தானாக அணைந்திருக்கிறது. ஏசி போட்டுப் பத்து நிமிசத்தில் சரியாகிவிடும்.

வீடு கல்லடியில், கடல் கூப்பிடு தூரம். உப்புக் காற்று எர்த் போல்ட்டை விடாது. இரண்டாம் வருசம் வளையத்தில் பச்சை பூத்து மீனின் குரல் லேசாகத் திரும்பியது. அன்றிலிருந்து மாரிக்கு முன் கழற்றி, அரத்தாளால் தேய்த்து, கிறீஸ் பூசி இறுக்குகிறேன். கால் மணி நேர வேலை. இந்த வருசத்துக்கு இன்னும் செய்யவில்லை, ஐப்பசி பிறக்கப் போகிறது.