மூணு நாள் லார்ப்ல எங்கள பாத்துக்கிட்ட வெல்ஃபேர் டீம் எப்படி இருந்துச்சு

லார்ப், அதாவது ஆளுக்கொரு கேரக்டரா வேஷம் கட்டி நேர்ல நடிச்சு ஆடுற கதை விளையாட்டு, முடிஞ்சு வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகுது. கதை எப்படி, செட் எப்படி, வாள் சண்டை எப்படின்னு ஏற்கனவே நிறைய பேர் எழுதிட்டாங்க, அதனால நான் அந்த பக்கம் போகல. இது முழுக்க வெல்ஃபேர் டீம் பத்தி மட்டும்தான். மூணு நாள், ரெண்டு ராத்திரி, கிட்டத்தட்ட நூறு பேர் ஆளுக்கொரு கேரக்டரா மாறி அழுது சிரிச்சு சண்ட போட்டு ஓடின இடத்துல, ஒவ்வொருத்தரோட உடம்பையும் மனசையும் கவனிக்குறதே வேலைன்னு ஆறு பேர் தனியா இருந்தாங்க. அவங்களுக்கு ஒரு ரிவ்யூ எழுதணும்னு திரும்பி வர்ற வழியிலயே முடிவு பண்ணிட்டேன்.

முதல்ல ஃபார்ம்ல இருந்து ஆரம்பிக்கிறேன். எல்லா லார்ப்லயும் சேர்றதுக்கு முன்னாடி ஒரு ஃபார்ம் வரும், என்ன மருந்து சாப்பிடுறீங்க, எது அலர்ஜி, எந்த மாதிரி சீன் வேணாம்னு. நான் எப்பவும் எழுதுறது ஒண்ணுதான், சின்ன அறைக்குள்ள வச்சு பூட்டுற சீன் வேணாம், எனக்கு மூச்சு முட்டும். இதுக்கு முன்னாடி போன ஒரு லார்ப்லயும் இதையே எழுதினேன், ரெண்டாவது நாளே என்ன ஒரு பெட்டி மாதிரி இருந்த ரூம்ல தள்ளி தாழ் போட்டுட்டாங்க, பூட்டினவருக்கு நான் எழுதினதே தெரியாது, ஃபார்ம் யாரோ ஒருத்தரோட லேப்டாப்லயே தூங்கிட்டு இருந்துருக்கு. இந்த தடவை ஈவன்ட்டுக்கு பத்து நாள் முன்னாடி வெல்ஃபேர் டீம்ல இருந்து ஒருத்தங்க ஃபோன் பண்ணி, "நீங்க எழுதினத படிச்சேன், பூட்டுறதுதான் பிரச்சினையா இல்ல சின்ன இடமே பிரச்சினையா, கூடாரம்னா பரவாயில்லையா"ன்னு கேட்டாங்க. அஞ்சு நிமிஷம் பேசிருப்போம். அப்புறம் ஈவன்ட்ல என் கேரக்டர் கைதாகுற சீன் வந்தப்ப, காவல்காரனா வந்த என்பிசி (கதைக்கு தேவையான வேஷத்த போட ஆர்கனைசர் பக்கத்துல இருந்து வர்ற ஆளு) மத்தவங்கள எல்லாம் சிறை அறைக்குள்ள அனுப்பிட்டு என்ன மட்டும் "இவன் வெளியில எல்லார் கண்ணு முன்னாடியும் நிக்கட்டும்"னு முற்றத்துல தூண்கிட்ட நிக்க வச்சாரு. கதைக்கு அது இன்னும் நல்லாவே இருந்துச்சு. எனக்கு மட்டும்தான் தெரியும் அது ஏன்னு. ஏன் வேணாம்னு காரணம் அவருக்கு சொல்லவே இல்லயாம், "இந்த கேரக்டர உள்ள வச்சு பூட்டாத"ன்னு ஒரே வரிதான் சொல்லிருக்காங்க, அது பின்னாடிதான் தெரிஞ்சுது. என் விஷயம் எவ்ளோ தேவையோ அவ்ளோதான் வெளிய போயிருக்கு.

ஆட்டம் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் சேஃப்டி ஒர்க்‌ஷாப். இதுல நிறைய இடத்துல மைக்ல படிச்சுட்டு போயிடுவாங்க, இங்க எல்லாரையும் செய்ய வச்சாங்க. நார்டிக் நாடுகள்ல ரொம்ப நாளா புழங்குற "கட்", "பிரேக்" ரெண்டு வார்த்தை, கட்னா எல்லாமே அப்படியே நிக்கணும், பிரேக்னா சீன் ஓடட்டும் ஆனா எனக்கு வேகத்த குறைங்கன்னு அர்த்தம். அப்புறம் கண்ணுக்கு மேல கைய வச்சு மறைச்சுட்டு அமைதியா சீன விட்டு வெளிய போறது, யோஹன்னா கொல்யோனன், த்ரீனே லீசே லிண்டால்னு ரெண்டு லார்ப் டிசைனர்கள் கொண்டு வந்தது, அப்படி ஒருத்தர் போனா யாரும் ஏன்னு கேக்கக்கூடாது, பின்னாடி போகக்கூடாது, அதுதான் ரூல். எல்லாரையும் வட்டமா நிக்க வச்சு ஆளுக்கு ஒரு தடவை நிஜமாவே கட்னு கத்த சொன்னாங்க. முதல்ல கூச்சமா இருந்துச்சு, மெதுவா சொன்னவங்கள "இன்னும் சத்தமா"ன்னு திரும்ப சொல்ல வச்சாங்க. வாய்ல இருந்து ஒரு தடவை வந்த வார்த்தைதான் அவசரத்துல மறுபடி வரும். இதுல எனக்கு பிடிச்சது, மெயின் ஆர்கனைசர் ஆட்டம் தொடங்கி முதல் மணி நேரத்துலயே எல்லாரும் பாக்குற மாதிரி கண்ண மறைச்சுட்டு ஒரு சீன்ல இருந்து வெளிய போனாரு. வேணும்னேதான் பண்ணிருப்பாரு. அத பாத்த புது ஆளுங்களுக்கு "இத பண்ணா தப்பில்ல போல"ன்னு தைரியம் வந்துச்சு, அன்னைக்கு சாயங்காலமே அத யூஸ் பண்ண நாலஞ்சு பேர நானே பாத்தேன்.

இன்னொன்னு, டாக்டர கூப்பிடுங்கன்னு கத்துறத பத்தி. லார்ப்ல அடிபட்ட வீரன் "வைத்தியர கூப்பிடுங்க, சாகப்போறேன்"னு கத்துவான், அது கதை. நிஜமாவே கால் பிசகினவரும் அதையேதான் கத்துவாரு. யாருக்கு என்ன தெரியும்? அதனால நிஜ அடிக்குன்னு தனியா ஒரு வார்த்தை வச்சிருந்தாங்க, கதைக்குள்ள யாரும் சொல்லவே கூடாத வார்த்தை, கேட்ட உடனே பக்கத்துல இருக்கவங்க எல்லாம் முட்டி போட்டு உக்காந்துடணும், நிக்குற ஆளுங்க க்ரூ மட்டும்தான். அதனால ஓடி வர்றவங்களுக்கு அடிபட்டவர் எங்கன்னு ஒரு பார்வைலயே தெரிஞ்சுடும்.

இப்ப ரெண்டாவது ராத்திரிக்கு வர்றேன், இத எழுதுறதுக்கே காரணம் அதுதான்.

என் கேரக்டரோட அண்ணன் சபைல எல்லார் முன்னாடியும் என்ன காட்டிக் குடுக்குற சீன். நான் ஆசப்பட்டு கேட்டு வாங்கின சீன், முன்னாடியே அண்ணனா நடிச்சவர்கிட்ட பேசி எந்த அளவு போகலாம்னு முடிவு பண்ணிருந்தோம். எல்லாம் சரியாதான் போச்சு, ஆனா அவர் முகத்த திருப்பிக்கிட்ட விதம் இருக்கே, எங்க வீட்டுல பல வருஷம் முன்னாடி நடந்த ஒண்ணு அப்படியே கண்ணு முன்னாடி வந்துடுச்சு. அழுதேன். சபைல இருந்த முப்பது பேரும் நல்லா நடிக்குறேன்னு நெனச்சாங்க, அவங்கள தப்பு சொல்ல முடியாது, அந்த இடத்துல அழுறதுதான் கேரக்டரும் பண்ணனும். அந்த நேரத்துல எனக்கு கட்னு சொல்ல வாயே வரல. ஒரு மணி நேரம் ப்ராக்டீஸ் பண்ணியும் வரல. கேரக்டரோட உணர்ச்சி நமக்குள்ளயும், நம்ம உணர்ச்சி கேரக்டருக்குள்ளயும் கசியறதுக்கு ப்ளீட்னு பேரு, எமிலி கேர் பாஸ்னு ஒரு கேம் டிசைனர் 2007ல வச்ச பேரு, அத பத்தி நான் நிறைய படிச்சிருக்கேன், ஆனா படிச்சது எதுவும் அந்த நிமிஷம் கைகுடுக்கல.

சபை ஓரத்துல பணிப்பெண் வேஷத்துல ஒரு அக்கா தட்டோட நின்னுட்டு இருந்தாங்க. என் பக்கத்துல வந்து, தட்டுக்கு கீழ யாருக்கும் தெரியாம கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமா சேத்து காட்டினாங்க. ஓகேவான்னு கேக்குற சைகை. நல்லாருக்கேன்னா கட்டைவிரல மேல காட்டணும், இல்லன்னா கீழ, ரெண்டுங்கெட்டானா இருந்தா கைய தட்டையா நீட்டி ஆட்டணும். நான் கைய ஆட்டினேன், "பரவால்ல, சமாளிச்சுடுவேன்"னு சொல்ற நெனப்புல. ஒர்க்‌ஷாப்ல சொல்லிக்குடுத்தது இதுதான், கட்டைவிரல் மேல வரலன்னா அது எல்லாமே இல்லன்னுதான் அர்த்தம். அந்த அக்கா ஒரு நொடி யோசிக்கல, சபைக்கு கேக்குற மாதிரி "உங்கள மகாராணி உடனே வரச் சொன்னாங்க"ன்னு சொல்லி என்ன கூட்டிட்டு நடந்தாங்க. சீன் நிக்கல, யாரும் திரும்பி பாக்கல, என்னாலதான் எல்லாம் கெட்டுச்சுங்குற பாரமும் எனக்கு இல்ல.

ஆஃப்-கேம் ரூம்ல, அதாவது ஆட்டத்துக்கு வெளியன்னு ஒதுக்கி வச்ச ரூம்ல, சாதாரண வெளிச்சம், போர்வை, தண்ணி, டிஷ்யூ, உக்கார மெத்தை, அவ்ளோதான். ரெண்டு பேர் டியூட்டில இருந்தாங்க, ஒருத்தர் என் பக்கத்துல, இன்னொருத்தர் வாசல்ல. என்னாச்சுன்னு யாரும் கேக்கல. "பேசணுமா, பேசாம கூட இருக்கணுமா, இல்ல தனியா விடணுமா?" இது மட்டும்தான் கேட்டாங்க. நான் கூட இருங்கன்னேன், பக்கத்துல இருந்த அந்த வெல்ஃபேர் அண்ணன் இருபது நிமிஷம் ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருந்தாரு, செல்ல எடுக்கல, வாட்ச்ச பாக்கல. அப்புறம் நானா பேச ஆரம்பிச்சேன். நடுவுல அவர் ஒண்ணு தெளிவா சொன்னாரு, "நான் கவுன்சிலர் இல்ல, இன்னைக்கு ராத்திரிக்கு கூட இருக்க முடியும், இது பழைய விஷயம்னா வீட்டுக்கு போய் நம்பிக்கையான ஒருத்தர்கிட்டயோ டாக்டர்கிட்டயோ பேசுங்க"ன்னு. அப்படி சொன்னதால எனக்கு அவர் மேல நம்பிக்கை கூடிச்சு. எல்லாத்தையும் தோண்டி எடுத்து தீர்த்து வைக்குறேன்னு கிளம்புற ஆளுங்ககிட்ட நான் மாட்டியிருக்கேன், அது அழுறத விட கஷ்டம்.

அப்புறம் கேட்டாரு, திரும்ப போறீங்களா, இன்னைக்கு இதோட போதுமா, இல்ல கதைல எதயாவது மாத்தணுமான்னு. நான் கேட்டது, அண்ணன் கேரக்டரோட காலைல இருக்குற அடுத்த மோதல் சீன மட்டும் தூக்கிடுங்க. சரின்னு எழுதிக்கிட்டாரு. அத விட முக்கியமா, "அவர்கிட்ட நீங்க நல்லாருக்கீங்கன்னு சொல்லலாமா, காரணம் சொல்ல மாட்டேன்"னு பர்மிஷன் கேட்டாரு. ஏன்னா அண்ணனா நடிச்சவர் சபைய விட்டு வெளிய வந்து, நம்மளால ஒருத்தர் உடைஞ்சுட்டாங்களோன்னு பயந்துபோய் வெளியில உக்காந்திருக்காராம், அவர் கூடயும் வெல்ஃபேர்ல இருந்து ஒருத்தர் போய் இருந்திருக்காங்க. அழுதவர பாத்துக்கணும்னு எல்லாருக்கும் தோணும், அழ வச்சவரும் அன்னைக்கு தூங்க மாட்டாருன்னு யோசிச்ச டீம நான் இப்பதான் முதல் தடவையா பாக்குறேன்.

உடம்பு விஷயத்துக்கு வந்தா, தண்ணி. ஆர்மர் போட்டு கம்பளி போட்டு சண்ட போடுறவனுக்கு தாகம் தெரியாது, கதைல மூழ்கினவன் தண்ணிய தேடி போகமாட்டான். அதனால தண்ணி ஆட்டத்துக்குள்ளயே வந்துச்சு, தண்ணிக்காரங்க வேஷத்துல க்ரூ சுத்தி சுத்தி வந்து குடுவைய நிரப்பிட்டே இருந்தாங்க, "ஐயா குடிச்சீங்களா"ன்னு கேட்டுட்டு குடிக்குற வரைக்கும் நின்னாங்க. ரெண்டாவது நாள் மதியம் ஒருத்தருக்கு தல சுத்திச்சு, உடனே நிழலுக்கு கொண்டு போய் ஆர்மர கழட்டி ஈரத்துணி போட்டு விசிறி, உப்பு சர்க்கரை தண்ணி குடுத்தாங்க, கூடவே அவர் பேரு, இது எந்த இடம்னு கேட்டுட்டே இருந்தாங்க. அந்த கேள்வி எதுக்குன்னா, பேச்சு குழறி எங்க இருக்கோம்னு தெரியாம போனா அது வெறும் களைப்பு இல்ல, ஹீட் ஸ்ட்ரோக், உடனே உடம்ப குளிர வச்சுக்கிட்டே ஆம்புலன்ஸ கூப்பிடணும். அவருக்கு அந்த அளவு போகல. தூங்குற இடத்துல ராத்திரி பன்னெண்டுல இருந்து காலைல ஆறு வரைக்கும் ஆட்டமே கிடையாது, அது நல்ல முடிவு.

இப்ப குறை. ராத்திரி ஒரு மணி வரைக்கும் என் பக்கத்துல உக்காந்திருந்த அதே வெல்ஃபேர் அண்ணன், காலைல ஏழு மணிக்கு பூத வேஷத்துல காட்டுக்குள்ள இருந்து ஓடி வந்து எங்ககிட்ட அடி வாங்கிட்டு இருந்தாரு. எனக்கு மனசே கேக்கல. ஆறு பேர்ல நாலு பேருக்கு என்பிசி வேலையும் சேத்து குடுத்திருக்காங்க. என்பிசி ஆளுங்க எல்லாருக்குமே கடைசியாதான் சாப்பாடு, ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மதிய சாப்பாடு சாப்பிடுறத பாத்தேன். வெல்ஃபேர்ல இருக்கவங்களுக்கு யாரு வெல்ஃபேர்? அடுத்தவங்க கஷ்டத்த கேட்டுட்டு வந்தவர் உடனே வேஷம் கட்டாம கொஞ்ச நேரம் இறக்கி வைக்க ஒரு இடமும், அவர் சொல்றத கேக்க ஒரு ஆளும் வேணும். இத மன்னிச்சு விட முடியல, அதுக்குதான் ஒரு ஸ்டார் குறைக்கிறேன்.

கம்ப்ளைன்ட் விஷயமும் சரியில்ல. யாராவது தப்பா தொட்டாலோ தொந்தரவு குடுத்தாலோ மெயின் ஆர்கனைசர்கிட்ட சொல்லுங்கன்னு ஒரே ஒரு வழிதான் இருந்துச்சு. கம்ப்ளைன்ட்டே அவர் மேலயோ அவர் ஃப்ரெண்டு மேலயோ இருந்தா? ஈவன்ட் நடத்துறதுல சம்பந்தமே இல்லாத ஒருத்தர் பேரும் நம்பரும் வேணும். இத நேர்ல சொன்னேன், சப்பக்கட்டு கட்டாம எழுதிக்கிட்டாங்க. ஆஃப்-கேம் ரூம் போற பாதைல வெளக்கு பத்தல, அதயும் சொல்லிட்டேன்.

கடைசி நாள் டீப்ரீஃப், அதாவது ஆட்டம் முடிஞ்சதும் கேரக்டர விட்டு வெளிய வர்றதுக்கு உக்காந்து பேசுறது, அஞ்சஞ்சு பேரா உக்காந்தோம். கேரக்டரோட ஒரு பொருள கழட்டி நடுவுல வச்சுட்டு, இவன்கிட்ட இருந்து எத எடுத்துட்டு போறேன், எத இங்கயே விட்டுட்டு போறேன்னு ஒவ்வொருத்தரும் சொல்லணும், பிடிக்கலன்னா சொல்லாம பக்கத்துல சும்மா இருக்கலாம். நான் மோதிரத்த வச்சேன். வண்டி ஓட்டிட்டு போறவங்ககிட்ட நேத்து எத்தன மணி நேரம் தூங்கினீங்கன்னு வாசல்லயே கேட்டாங்க, ஒருத்தர் மூணுன்னு சொல்லி மாட்டி, படுக்க எடம் குடுத்து மதியத்துக்கு அப்புறம்தான் விட்டாங்க. லார்ப் முடிஞ்சு ரெண்டு மூணு நாள்ல ஒரு வெறுமை வரும், எல்லாம் முடிஞ்சு போச்சேன்னு, போனவங்களுக்கு தெரியும். சரியா நாலாவது நாள் மெசேஜ் வந்துச்சு, "எப்படி இருக்கீங்க, பதில் போடணும்னு கட்டாயம் இல்ல"ன்னு. பதில் போட்டேன். ரொம்ப நேரம் டைப் பண்ணேன்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். அடுத்த சீசனுக்கு க்ரூ லிஸ்ட்ல வெல்ஃபேர் ராத்திரி ஷிஃப்ட்டுக்கு என் பேர குடுத்திருக்கேன், அடுத்த நாள் காலைல எந்த வேஷமும் தரக்கூடாதுன்னு சேத்து எழுதி.