மான்கொம்புப் பெரணி: டெல்டா வீட்டு முற்றத்துக்கு இரண்டில் எது?

மண்ணில் வேரூன்றாமல் மரப்பட்டையைப் பற்றி வாழும் மான்கொம்புப் பெரணிகள் (பிளாட்டிசீரியம் பேரினம்) உலகில் ஏறத்தாழ 18 இனங்கள் உள்ளன. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வளர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பைஃபர்கேட்டம், சூப்பர்பம் ஆகிய இரண்டுக்கிடையே தயங்குகிறார்கள். இரண்டும் கிழக்கு ஆஸ்திரேலியாவில் இயற்கையாக வளர்பவை. இரண்டிலும் அடியை மூடும் கேடய இலையும், கொம்புபோல் கிளைத்துத் தொங்கும் இலையும் உண்டு. பழுப்பேறிய கேடயத்தைக் காய்ந்துவிட்டதென்று உரித்தெடுக்கக் கூடாது. வேர்களுக்குப் போர்வையாக இருப்பது அதுதான்.

சூப்பர்பத்தின் கேடயம் மேல்விளிம்பில் விசிறிபோல் விரிந்து, உதிரும் சருகையும் மழைநீரையும் கூடைபோல் ஏந்திக்கொள்கிறது. காட்டில் அந்தச் சருகே எருவாகிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் விடாது பெய்யும் நம் மழையில் அந்தக் கூடை ஈரம் வடியாமல் நின்று, நடுக்குருத்தை அழுகவைக்கக்கூடும். சூப்பர்பம் பக்கக்கன்று விடாது, சிதல்களிலிருந்து (விதைக்குப் பதிலாகப் பெரணிகள் உதிர்க்கும் நுண்தூள், ஸ்போர்) மட்டுமே பெருகும். ஆகவே குருத்து போனால் செடியே போயிற்று. பைஃபர்கேட்டமோ வேரிலிருந்து கன்றுகள் விட்டுக் கொத்தாகப் பெருகுவதால், ஒன்று அழுகினாலும் மற்றொன்றைப் பிரித்துத் தென்னை மட்டையில் கட்டிவிடலாம். அண்டை வீட்டுக்கும் கொடுக்கலாம்.

கோடையில் நிலைமை சற்று மாறுகிறது. அடுக்கடுக்கான பழைய கேடயங்கள் ஈரத்தைத் தேக்கி வைப்பதால், வளர்ந்த சூப்பர்பம் ஒருநாள் நீர் தவறினாலும் தாங்கும்; சிறிய பைஃபர்கேட்டம் அக்னி நட்சத்திர வெயிலில் விரைவில் வாடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் ஆழ்குழாய் நீர் உவர்ப்பாக இருந்தால், இரண்டுக்குமே சேமித்த மழைநீர்தான் ஏற்றது.

(கொல்லிமலையில் சூப்புக்கு விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கும் இதே குடும்பத்துப் பெரணியுடையதே, டிரைனேரியா என்னும் அந்தப் பேரினத்திலும் இருவகை இலைகள் உண்டு. அயல்நாட்டுச் செடி வேண்டாம் என்பவர்கள் அதை வளர்க்கலாம்.)

முற்றத்து மாமரத்திலோ புன்னையிலோ கட்டுவதானால் என் தேர்வு பைஃபர்கேட்டமே. மழைச்சாரல் படாத, ஆனால் வெளிச்சமும் காற்றும் உள்ள தாழ்வாரம் இருந்தால் மட்டும், அதன் பிரம்மாண்ட அழகுக்காகச் சூப்பர்பத்தை வாங்கி, மேல்விளிம்பு சற்று முன்னே சாயுமாறு பலகையில் கட்டித் தொங்கவிடுவேன்.