துருவ மீத்தேன் பயிற்சி வேலையும் டிரோபோமி தரவும்: எல்லையோரப் பட்டதாரிகளுக்கு ஒரு மதிப்புரை

ஐரோப்பிய விண்வெளி முகமையின் பட்டதாரிப் பயிற்சி வேலை அறிவிப்பு வந்தாலே தமிழக–ஆந்திர எல்லையோரத்துச் சூலூர்பேட்டை, தடா, சத்தியவேடு பக்கத்து எம்எஸ்சி பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் அது ஒரு சுற்று வந்துவிடும். ராக்கெட் கிளம்பும் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள், ஆசை வருவது நியாயம்தான். ஆனால் விண்ணப்பப் படிவத்தைத் திறக்கும் முன்பே ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அந்த வேலை உறுப்பு நாடுகளின் குடிமக்களுக்கும், அதனுடன் ஒப்பந்தம் உள்ள கனடா போன்ற சில நாட்டவருக்கும்தான். இந்திய பாஸ்போர்ட்டுக்கு வழியில்லை, மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும்.

அதற்காக அறிவிப்பை அழித்துவிட வேண்டாம். துருவப் பகுதியின் மீத்தேன் போன்ற பசுங்குடில் வாயுக்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்கும் பயிற்சியில் ஒருவர் ஓராண்டு உட்கார்ந்து பார்க்கப்போகும் தரவு முழுவதும் இலவசமாகவே கிடைக்கிறது. வேலை நமக்கில்லை, பாடத்திட்டம் உண்டு. ஆகவே இங்கே மதிப்பிடுவது அந்தத் தரவையும், அதைக் கொடுக்கும் கோப்பர்நிக்கஸ் இணையதளத்தையும்தான் (ஐரோப்பாவின் புவி கண்காணிப்புத் திட்டத்தின் தளம்).

சென்டினல்-5பி செயற்கைக்கோள் 2017 அக்டோபர் 13 அன்று ஏவப்பட்டது. அதில் இருக்கும் ஒரே கருவி டிரோபோமி. ஒரே ஓட்டத்தில் 2,600 கி.மீ. அகலத்தைப் பார்க்கும், நிலநடுக்கோட்டை உள்ளூர் நேரம் பிற்பகல் 1.30 வாக்கில் கடக்கும். 2019 ஆகஸ்டுக்குப் பிறகு மீத்தேன் பிக்சலின் அளவு சுமார் 5.5 × 7 கி.மீ. தரையில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில், 2.3 மைக்ரோமீட்டர் பக்கத்து அலைநீளங்களில், மீத்தேன் விழுங்கிய அளவை இது கணக்கிடுகிறது. கிடைக்கும் எண், தரையிலிருந்து வளிமண்டல உச்சி வரையிலான சராசரி. பிபிபி (நூறு கோடியில் எத்தனை பங்கு) கணக்கில் வரும். தரைமட்ட அளவும் அல்ல, வெளியேறும் வேகமும் அல்ல. புதிதாக வருகிறவர்களின் அறிக்கைகளில் பாதி இந்த இடத்திலேயே சறுக்குகின்றன.

தளத்தில் பதிவு செய்ய மின்னஞ்சல் போதும், கட்டணம் கிடையாது. தேடும்போது சென்டினல்-5பி, லெவல்-2 (ஒளி அளவீட்டிலிருந்து வாயு அளவாகக் கணக்கிட்ட தரவு), மீத்தேன் என்று தேர்ந்தெடுங்கள். நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு உள்ளதுபோல் மூன்று மணி நேரத்தில் வரும் அவசரக் கோப்பு மீத்தேனுக்கு இல்லை. சில நாள் கழித்து வரும் ‘ஆஃப்லைன்’ கோப்புதான். பழைய ஆண்டுகளுக்கு, மறுபடி கணக்கிட்ட ‘ரீபிராசஸ்டு’ கோப்பும் இருக்கும். கோப்பின் பெயரிலேயே மென்பொருள் பதிப்பு எண் உண்டு, அதைக் கட்டாயம் பாருங்கள். இரண்டு பதிப்புகளை ஒரே வரைபடத்தில் ஒட்டினால், பதிப்பு மாறிய மாதத்தில் ஒரு படிக்கட்டு விழும். அதைப் பார்த்து உறைமண் (ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் துருவ மண்) திடீரென்று உருகிவிட்டதாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

டவுன்லோடு விஷயத்தில்தான் நம் ஊர்க்காரர் அடிபடுவார். பழவேற்காடு ஏரியை மட்டும் பார்க்க வேண்டுமானால் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கோப்பு போதும். துருவச் சுற்றுப்பாதை என்பதால் எல்லா ஓட்டமும் ஆர்க்டிக்கைத் தொட்டே போகும்; அங்கே நாளுக்குப் பதினான்கு கோப்பும் வேண்டும். தினம் ஒன்றரை ஜிபி மொபைல் பேக்கில் இது நடக்காது. தளத்திலேயே ஜூபிடர் (Jupyter) வசதி, அதாவது உலாவியிலேயே பைத்தான் நிரல் எழுதி ஓட்டும் இடம், இலவசமாக உள்ளது. கோப்பை அங்கேயே திறந்து, 60 டிகிரி வடக்குக்கு மேலுள்ள பகுதியை மட்டும் வெட்டி, தேவையான ஆறேழு மாறிகளை மட்டும் வீட்டுக் கணினிக்கு இறக்குங்கள். இந்த ஒரு வசதிக்காகவே தளத்துக்கு நல்ல மதிப்பெண் போடலாம். தேடல் பக்கம் அவ்வளவு சுகமில்லை, பொறுமை வேண்டும்.

பைத்தானில் எக்ஸ்அரே (xarray) என்ற நிரல் நூலகம் கொண்டு திறந்ததும் கோப்பு காலியாகத் தெரிந்தால் பதறாதீர்கள். தரவு ‘புராடக்ட்’ என்ற குழுவுக்குள் இருக்கிறது. குழுப் பெயரைக் கொடுத்துத் திறக்க வேண்டும். திருத்தப்படாத மீத்தேன், சார்பு (ஒரே பக்கம் சாயும் பிழை) திருத்திய மீத்தேன் என இரண்டு மாறிகள் தெரியும். இரண்டாவதை எடுங்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் உள்ள தர எண் 0.5-க்கு மேல் உள்ள பிக்சல்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை சமதளத்திலும் துருவத்திலும் ஒரே வழிதான். இதற்குப் பிறகுதான் துருவத்தின் குணம் தெரியும்.

பனி கண்ணுக்கு வெள்ளை, 2.3 மைக்ரோமீட்டரில் அது அடுப்புக்கரி. திரும்பும் ஒளி மிகக் குறைவு, இரைச்சல் ஏறிவிடும், கணிப்பில் சார்பும் சேரும். இதைப் பிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. அண்மை அகச்சிவப்பு எதிரொளிப்பை 2.4-ஆல் பெருக்கி, அதிலிருந்து குற்றலை அகச்சிவப்பு எதிரொளிப்பின் 1.13 மடங்கைக் கழியுங்கள். விடை 0.85-ஐத் தாண்டினால் பனி என்று எடுத்துக்கொண்டு அந்தப் பிக்சலை விட்டுவிடலாம். இரண்டு எதிரொளிப்பும் கோப்பின் விரிவான முடிவுகள் குழுவில் இருக்கின்றன. தர எண்ணை மட்டும் நம்பி நிற்காமல் இதைத் தனியாகக் கணக்கிட்டுப் பாருங்கள். மே மாத சைபீரிய வரைபடம் இந்த வடிகட்டலுக்கு முன்னும் பின்னும் எப்படி மாறுகிறது என்று ஒரு முறை பார்த்தாலே பாதி பாடம் முடிந்தது.

அடுத்தது சூரியன். உச்சியிலிருந்து சூரியன் 70 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் அந்தப் பிக்சல் தள்ளப்படும். அதாவது சூரியன் அடிவானத்திலிருந்து 20 டிகிரியாவது ஏறியிருக்க வேண்டும். 70 டிகிரி வடக்கில் அது மார்ச் 21 முதல் செப்டம்பர் 23 வரை நண்பகலையொட்டி நடக்கும். 80 டிகிரியில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைதான். அதிலும் முதல் பகுதி பனியில் போய்விடும். ஆக வடக்கே போகப் போக, கையில் கிடைப்பது ஒரு குட்டிக் கோடை. அலாஸ்கா தூந்திரத்தில் ஆண்டு மீத்தேன் வெளியீட்டில் பாதியோ அதற்கு மேலோ செப்டம்பர் முதல் மே வரையான குளிர்மாதங்களில் வருகிறது என்று தரை அளவீடுகள் 2016-ல் காட்டின. அந்தப் பாதியின் பெரும்பகுதி டிரோபோமியின் கண்ணில் படாது. இதைக் கருவியின் குறை என்று சொல்வதைவிட, இந்த முறையின் எல்லை என்பதே சரி. ஆனால் ‘ஆர்க்டிக் ஆண்டு சராசரி’ என்று தலைப்புப் போட்டு இந்தத் தரவை வரைகிறவரை மன்னிக்க முடியாது.

இரவிலும் பார்க்க வேண்டுமானால் மெட்ஆப் செயற்கைக்கோள்களில் உள்ள ஐஏஎஸ்ஐ கருவி இருக்கிறது. வெப்பக் கதிரை அளப்பதால் அதற்குச் சூரியன் வேண்டாம். ஆனால் குளிர்ந்த தரைக்கு அருகே அதன் உணர்திறன் மிகக் குறைவு. வளிமண்டலத்தின் கீழடுக்கான டிரோபோஸ்பியரின் நடு, மேல் பகுதியைத்தான் நன்றாகப் பார்க்கும்.

வசந்தகாலத்தில் இன்னொரு பொறி உண்டு. துருவத்துக்கு மேலே சுழலும் பெருங்காற்றான துருவச் சுழலுக்குள், உயரத்து அடுக்குமண்டலக் காற்று கீழே இறங்கும். அதில் மீத்தேன் குறைவு என்பதால் மொத்தச் சராசரி சரிந்து காட்டும். தரையில் எதுவும் மாறியிருக்காது. கணினி மாதிரிகளோடு ஒப்பிடும்போது கோப்பிலுள்ள 12 அடுக்கு உணர்திறன் எண்களையும் (எந்த உயரத்தைக் கருவி எவ்வளவு பார்க்கிறது என்பது) முன்கணிப்பு வரிசையையும் (கணக்கைத் தொடங்க முன்கூட்டியே எடுத்துக்கொண்ட மீத்தேன் அளவுகள்) சேர்த்தே ஒப்பிட வேண்டும். இவற்றை விட்டுவிட்டு எடுத்த வித்தியாசத்துக்கு அர்த்தமில்லை. கூகுள் எர்த் எஞ்சினில் கிடைக்கும் கட்டமிட்ட மீத்தேன் பார்க்க அழகாக இருக்கும். இந்த எண்கள் அதில் இல்லை, ஆகவே முதல் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சரிபார்க்கத் தரைநிலையங்கள் உண்டு: பின்லாந்தின் சோடாங்கைலா, கனடாவின் யுரேகா, ஸ்வால்பார்டின் நை-ஆலசுண்ட். இந்தியாவின் ஆர்க்டிக் ஆய்வு நிலையமான ஹிமாத்ரி 2008 முதல் அதே நை-ஆலசுண்டில் இருப்பதால் பிள்ளைகள் அதையே தேர்ந்தெடுக்கத் துடிப்பார்கள். வேண்டாம். மலையும் கடல்கழியும் பனியாறும் நெருங்கிக் கிடப்பதால் மேடுபள்ள நிலத்துப் பிக்சல்களை நீக்கும் கரடுமுரடு வடிகட்டியில் அங்கே மிச்சம் எதுவும் தேறாது. சோடாங்கைலா ஓரளவு சமதளக் காடு. அங்கே நிலையத்தைச் சுற்றி 100 கி.மீ. ஆரம், நேர வேறுபாடு ஒரு மணி என்று வைத்துத் தொடங்குங்கள். எண்ணிக்கை போதாவிட்டால் பிறகு தளர்த்தலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: 1,900 பிபிபியில் ஒரு சதவீதம் 19 பிபிபி. நீங்கள் தேடும் சதுப்புநில அடையாளம் அதைவிடச் சிறியதாக இருக்கலாம்.

கைப்பழக்கத்துக்கு முதலில் நம் பக்கத்தையே எடுப்பது நல்லது. நகரி மலைகளின் மேல் கரடுமுரட்டால் பிக்சல் விழும், பழவேற்காடு ஏரியில் தண்ணீரும் நிலமும் கலந்ததால் விழும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகத்தால் மொத்தமும் விழும். ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்தால் வேலை ஓடும். எது ஏன் விழுகிறது என்று இங்கே பிடிபட்டால் வடக்கே போய்த் திணற மாட்டீர்கள். அதன் பிறகு பிரெமன் பல்கலைக்கழகம் இதே கருவியின் ஒளியிலிருந்து வேறு கணக்குமுறையில் எடுக்கும் மீத்தேன் தரவைப் பக்கத்தில் வையுங்கள். உயர் அட்சங்களில் அதில் பிக்சல் கூடுதலாக மிஞ்சும். இரண்டும் எங்கே முரண்படுகின்றன என்ற வரைபடம் ஒன்றே விண்ணப்பத்தில் வைக்கத் தகுந்த வேலை.

மதிப்பெண்: தரவுக்கு ஐந்தில் நான்கு, தளத்துக்கு மூன்றரை. இந்தியக் குடிமகனுக்கு அந்தப் பயிற்சி அறிவிப்புக்கு மதிப்பெண் போட இடமில்லை. விண்ணப்பிக்க வேண்டிய இடங்கள் வேறு. திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் வழியில் காதங்கியில் இருக்கும் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் ஒன்று. ஆய்வு மாணவர் இடத்துக்கு நெட், கேட் போன்ற தேர்ச்சி கேட்பார்கள். கோவாவில் உள்ள துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் இன்னொன்று. ஹிமாத்ரியை நடத்துவது அதுதான். திட்டப் பணியாளர் அறிவிப்புகளை அதன் சொந்த இணையப் பக்கத்தில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வரும்போது பெரும்பாலும் கடைசித் தேதி போயிருக்கும்.