ஸ்பீடியா, பிக்கிளா?

நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் கடற்படையின் குட்டிக் கப்பல்களில் எது சிறந்தது என்றால், பலர் ஸ்பீடி என்பார்கள். காரணம் இருக்கிறது. 14 பீரங்கிகள், எல்லாமே 4 பவுண்டு குண்டு போடும் சின்ன ரகம். 1801 மே 6 அன்று, பார்சிலோனா அருகே, 32 பீரங்கிகளும் 319 ஆட்களும் கொண்ட ஸ்பானியக் கப்பல் எல் காமோவை, ஸ்பீடியின் கேப்டன் காக்ரேன் 54 பேரோடு பிடித்தார். ஒட்டி உரசி நின்றதால் எதிரியின் குண்டுகள் தலைக்கு மேலே பறந்தன. அப்புறம் மருத்துவரைச் சுக்கானில் நிறுத்திவிட்டு மற்ற அனைவரும் எதிரிக் கப்பலில் ஏறிவிட்டார்கள். துணிச்சலா, பைத்தியமா! ஆனால் இரண்டே மாதத்தில் ஸ்பீடி பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது.

பிக்கிள் இன்னும் சிறிய பிரிட்டிஷ் கப்பல், ஸ்கூனர் என்ற பாய்மர வகை. பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களை பிரிட்டன் வென்ற டிரஃபால்கர் கடற்போரில் அது சண்டையில் இறங்கவில்லை. எரிந்த பிரெஞ்சுக் கப்பலான அஷீலிலிருந்து தண்ணீரில் குதித்தவர்களைக் காப்பாற்றியது. பிறகு பிரிட்டிஷ் தளபதி நெல்சன் இறந்த செய்தியையும் வெற்றிச் செய்தியையும் சுமந்து 1805 நவம்பர் 4 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகம் சேர்ந்தது. அங்கிருந்து அதன் தலைவர் லெப்டினன்ட் லாபெனொட்டியர் குதிரை வண்டியில், 21 இடங்களில் குதிரை மாற்றி, லண்டனுக்கு விரைந்தார். பிக்கிள் 1808இல் ஸ்பெயினின் காடிஸ் அருகே தரைதட்டி உடைந்தது, ஆட்கள் தப்பினார்கள்.

வீரக்கதைக்கு ஸ்பீடிதான், சரி. கடற்படைக்கு அன்றாடம் தேவைப்பட்டதோ பிக்கிள் போன்றவை. என் ஓட்டு பிக்கிளுக்கே.