ஆறு வாரங்கள் பயன்படுத்திய நிலையூன்றல் செயலி: ஒரு மதிப்புரை

பதற்றத்தைத் தணிப்பதற்கென்றே வந்துள்ள கைப்பேசிச் செயலிகளில் ஒன்றை, சந்தா செலுத்தி, ஆறு வாரங்கள் நாள் தவறாமல் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். இவ்வகைச் செயலிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. தியானம், தூக்கத்துக்கான இசை எனப் பலவும் அதில் இருந்தாலும், நான் அதை வாங்கியது, கவலையில் அலையும் மனத்தை இந்தக் கணத்துக்கும் சுற்றியிருப்பவற்றுக்கும் திருப்பும், கிரவுண்டிங் எனப்படும் நிலையூன்றல் பயிற்சிகளுக்காகவே. பலர் முன்னிலையில் பேச வேண்டிய நாள்களில் விடியும்போதே தொடங்கிவிடும் நெஞ்சுப் படபடப்பும், நள்ளிரவில் விழித்துக்கொண்டு நடக்காதவற்றையெல்லாம் நடந்ததாகவே எண்ணிப் புழுங்கும் பழக்கமும் எனக்கு நெடுநாளாக உண்டு.

தொடக்கப் பாடம் சுருக்கமானது, ஆனால் செம்மையானது. ஆபத்தைக் கண்ட உடல் எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ ஆயத்தமாவதை உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் விவரித்ததிலிருந்து தொடங்கி, அட்ரினலின் சுரப்பதால் இதயம் விரைவதும் உள்ளங்கை வியர்ப்பதும் மூச்சு மேலேறுவதும் நோயின் அறிகுறிகள் அல்ல, அந்த ஆயத்தத்தின் பகுதிகளே என்று விளக்குகிறது. பயிற்சிகளை மனம் சார்ந்தவை, உடல் சார்ந்தவை, ஆறுதல் தருபவை என மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தப் பகுப்பு, மன அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்காக லிசா நஜாவிட்ஸ் உருவாக்கி 2002-இல் வெளியிட்ட சிகிச்சைக் கையேட்டில் உள்ளதுதான். அதை எங்கேனும் ஒரு வரியில் ஒப்புக்கொண்டிருக்கலாம்.

நான் அதிகம் பயன்படுத்தியது ஐம்புலன் பயிற்சி. கண்ணில் படும் ஐந்து பொருள்கள், தொட்டு உணரக்கூடிய நான்கு, காதில் விழும் மூன்று ஒலிகள், இரண்டு மணங்கள், ஒரு சுவை என்று இறங்குவரிசையில் எண்ணிச் செல்ல வேண்டும். கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டுப் போலிருக்கும் இதை முதல் வாரம் நானும் அப்படித்தான் செய்தேன்: மேசை, விளக்கு, சுவர், கதவு, நாற்காலி என்று பெயர்ப்பட்டியலாக ஒப்பித்துவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று சலித்துக்கொண்டேன். பெயரைச் சொல்வது போதாது, பொருளைப் பார்க்க வேண்டும் என்பதை மூன்றாம் பாடத்தில்தான் வழிகாட்டும் குரல் சொல்கிறது. மேசையின் விளிம்பில் வண்ணம் உரிந்திருக்கும் இடம், விளக்கின் நிழல் சுவரில் மடங்கும் கோணம் என்று நுணுக்கத்துக்குப் போன பிறகுதான், நாளைய கூட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்த மனத்துக்கு அதற்கான இடம் குறைந்தது. கவனம் ஓர் அளவுக்குட்பட்டது. அதைக் கண்ணுக்கும் கைக்கும் பகிர்ந்தளித்தால் கவலைக்குக் கிடைக்கும் பங்கு சுருங்குகிறது. முதல் நாளிலேயே சொல்லியிருக்க வேண்டிய இதை மூன்றாம் பாடம்வரை ஒத்திவைத்தது கற்பிக்கும் முறையில் உள்ள குறையே. மணத்துக்கான கட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு: எந்த மணமும் இல்லாத அறையில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார் என்று யாரும் யோசிக்கவில்லை, குரல் மௌனமாகக் காத்திருக்க, நான் என் சட்டைக் காலரை முகர்ந்துகொண்டிருந்தேன்.

உடல் சார்ந்தவற்றில் மிக எளியதே எனக்கு மிகப் பயன்பட்டது. இரு பாதங்களையும் தரையில் அழுத்தி, குதிகாலில் இறங்கும் எடையையும் தொடைக்கு அடியில் உள்ள நாற்காலியின் தாங்கலையும் உணர்வதுதான் அது. கூட்டத்தின் நடுவே பிறர் அறியாமல் செய்யலாம். குளிர்ந்த நீரில் முகத்தை அமிழ்த்தும் பயிற்சியும் இருக்கிறது. மூச்சைப் பிடித்தபடி முகம் குளிர்நீரில் படும்போது இதயத் துடிப்பு மெதுவாவது நன்கறிந்த அனிச்சைச் செயல் என்பதால் அது பொய்யான வாக்குறுதி அல்ல. ஆனால், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாத அந்தப் பயிற்சிக்கு ஓர் எச்சரிக்கை வரிகூட இல்லாதது பொறுப்பின்மை.

மூச்சுப் பயிற்சியில் நான்கு எண்ணும்வரை இழுத்து, நான்கு நிறுத்தி, நான்கில் விட்டு, மீண்டும் நான்கு நிறுத்தும் சதுர முறையை மட்டுமே தருகிறார்கள். படபடப்பின்போது மூச்சை நிறுத்துவது எனக்குத் திணறலைக் கூட்டியது. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தளர்கிறது; ஆகவே, நிறுத்தாமல், இழுப்பதைவிட நீளமாக விடும் முறையையும் சேர்த்திருக்கலாம். நான் அதையே கையாண்டேன்.

என் பெரிய மனத்தாங்கல் வேறு. நான்காம் வாரத்தில், இதயம் சற்று விரைந்தாலே கை தானாகச் செயலியைத் தேடுவதைக் கவனித்தேன். மாடிப்படி ஏறியதால் வந்த துடிப்புக்கும்கூட. பீதித் தாக்குதல் பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுத் தானாகவே இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் பயிற்சியைக் கவசமாக ஏந்தினால், அந்த உணர்வு தாங்கக்கூடியதே என்பதை மனம் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு நழுவுகிறது. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சையில் இதனைப் பாதுகாப்பு நடத்தை என்பார்கள். சிகிச்சையாளர் ஒருவர் இருந்தால் இதைச் சுட்டிக்காட்டியிருப்பார். செயலியோ, அதிக முறை திறந்ததற்காக எனக்குப் பதக்கம் வழங்கியது. தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று எண்ணிக் காட்டுவதும், ஒரு நாள் தவறினால் வரும் சோகமுகச் செய்தியும், பதற்றத்துக்கு மருந்து தேடி வந்தவருக்குப் புதிதாக ஒரு பதற்றத்தைத் தருகின்றன.

கடைசியாக, செயலிக்குள்ளேயே விற்கப்படும் விரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மின்செருகியின் புவித்தொடர்போடு (எர்த் கம்பியோடு) இணைத்து அதன்மேல் படுத்தால் பூமியின் மின்னணுக்கள் உடலில் ஏறிக் கவலை நீங்கும் என்கிறது விளம்பரம். எர்த்திங் எனப்படும் இக்கொள்கைக்கும் உளவியலின் நிலையூன்றலுக்கும் பெயரைத் தவிர உறவில்லை. அதற்குச் சான்றாகக் காட்டப்படும் ஆய்வுகள் மிகச் சிறியவை. அவற்றில் பலவற்றை நடத்தியவர்கள் அந்தத் தொழிலோடு தொடர்புடையவர்கள். போதாக்குறைக்கு, புவித்தொடர்பு சரியாக அமையாத கட்டடத்தில் உடலைக் கம்பியோடு இணைப்பது ஆபத்து. வெறுங்காலுடன் புல்லில் நடப்பது இதமானதுதான். அதற்கு மின்செருகி தேவையில்லை.

ஐந்து நட்சத்திரங்களில் மூன்று கொடுக்கிறேன். மூன்றும் பாடங்களுக்கே. அன்றாட வேலையையோ தூக்கத்தையோ வாரக்கணக்கில் குலைக்கும் பதற்றம் உடையவர்கள் இதை நம்பி மருத்துவரைத் தள்ளிப்போட வேண்டாம். புதிதாக நெஞ்சுவலி வந்தால் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. மற்றவர்கள் ஒரு மாதச் சந்தாவோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் புதுப்பிக்கவில்லை. ஐம்புலன் வரிசை மனப்பாடமாகிவிட்டது. அறிவிப்புகளை அணைத்த பிறகு, இரவில் விழிப்புத் தட்டும்போது கைப்பேசியின் வெளிச்சமில்லாமல் போர்வையின் நெசவை விரலால் தடவி எண்ணத் தொடங்குகிறேன். சில இரவுகளில் மூன்றாவது ஒலிக்கு முன்பே தூங்கிவிடுகிறேன், சில இரவுகளில் இல்லை.